நலிவுக்கு அறுபது மார்க்

தெருவில் எல்லாரும் அவரை மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்குக்குக்கூட மல்லுக்கு நிற்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? புதுச் சட்டையின் இடது கை வலது கையைவிட இரண்டு மில்லி நீளம் என்று தையல்காரரிடம் வெர்னியரை வைத்து அளந்து காட்டியவர் அவர். அன்றோடு தையல்காரர் அவருக்கு அளவெடுப்பதை விட்டுவிட்டார்.

வீட்டின் முன்பக்கம் முழுக்கப் பட்டறை. இரும்பு கடைகிற லேத்தில் மைக்ரான், டிரில்லிங் மெஷினில் மனைவி, வெல்டிங்கில் மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே இருந்த பெரிய பம்பு கம்பெனி வேலை கொடுத்துக்கொண்டிருந்தவரை மூன்று பேருக்கும் தலை நிமிர நேரம் இருந்ததில்லை. ஒரு நாள் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. அதற்கப்புறம் பட்டறைக்கு வந்தது ஒரு கேட்டுக் கீல், ஒரு சைக்கிள் அச்சு, ஒரு தையல் மெஷின் மிதி. மீதி நேரம் ஈ ஓட்டினார்கள். ஈயும் சரியாக வரவில்லை.

பழைய இரும்புக்காரர் மட்டும் வாரம் தவறாமல் வந்தார். நல்ல மனிதர். வாசற்படியில் நின்றபடி லேத்தை ஒரு பார்வை பார்ப்பார்.

“ஆயிரத்து எண்ணூறு கிலோ தேறும்ணே. அவசரமில்ல. மனசு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஆள் தெருமுனை தாண்டியதும் மைக்ரான், அவர் கண் பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைப்பார். கல்யாணமான வருஷம் வாங்கிய லேத் அது. மனைவியோடு அவர் பேசிய பேச்சைவிட அதோடு பேசியது அதிகம் என்பது மனைவியின் கணக்கு.

அப்போதுதான் குடிநீர்ப் பம்புகளுக்கு இரண்டாயிரம் ஷாஃப்ட், அதாவது சுழல் தண்டு, தேவை என்று அரசாங்கம் அறிவித்தது. மூன்று வருஷத்துக்கு வேலை. ஆனால் அந்த ஆர்டர் நலிந்த பட்டறைகளுக்கு மட்டும். நலிந்த பட்டறை எது என்று முடிவு செய்வது நலிவுற்ற பட்டறைகள் மீட்பு வாரியம். ஆர்டர் கிடைத்தால் லேத் ஓடும், கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறும். மைக்ரானின் கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் வாரியத்தின் கதை.

வாரியத்துக்கு ஏழு மாடிக் கட்டடம். விண்ணப்பம் வாங்குகிற குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நலிவு ஆரம்பிச்ச தேதி காலியா இருக்கே?”

“தேதின்னு தனியா சொல்ல முடியாது சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆச்சு.”

“கொஞ்சம் கொஞ்சமாங்கிறதுக்குக் கட்டம் இல்ல. தேதி போடுங்க, நேரம் போடுங்க.”

வேறு யாராவது என்றால் வாய்க்கு வந்த தேதியைப் போட்டிருப்பார்கள். மைக்ரான் வீட்டுக்குத் திரும்பி, இரண்டு நாள் பழைய டெலிவரி நோட்டுகளைக் கிளறி, கடைசி பம்பு ஷாஃப்டைக் கழற்றி வைத்த நேரத்தைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது. சுமாராக என்று ஒரு சொல் சேர்க்க ஆசைப்பட்டார். அதற்கும் கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். நலிவுக்கு நூறு மார்க், அறுபது எடுத்தால் தேர்ச்சி என்று விளக்கிவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு பட்டறையைச் சுற்றி வந்தார்.

“தரை கூட்டியிருக்கு. நாலு குறைக்கிறேன். ஸ்பானர் எல்லாம் வரிசையா மாட்டியிருக்கு. ஆறு. லேத்துல துரு இல்ல. இது பெரிய குறை, எட்டு.”

இதைக் கேட்டு மைத்துனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“சிரிப்பு, மூணு. நலிஞ்ச இடத்துல சிரிப்பு எப்படி வரும்?”

“அவன் என் தம்பி சார். சாவு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் சிரிப்பான்” என்றாள் மனைவி.

“அப்ப டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டாங்க. குறைச்சத திருப்பித் தர்றேன்.”

மொத்தம் நாற்பத்தொன்று. மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆய்வாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. “குறை உற்பத்திக்குத் தனியா முப்பது மார்க் இருக்கும்மா. அஞ்சு புஷ் கடைஞ்சு வைக்கச் சொல்லுங்க. அதுல மூணு சொத்தையா இருந்தாப் போதும். நாளைக்கு வந்து அளந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைக்ரான் லேத்தின் முன்னால் நின்றார். அரை மில்லி கூடுதலாகக் கடைந்தால் வேலை முடிந்தது. டயலைத் திருப்பினார். திருப்பிய கை அதுவாகவே பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி திருப்பினார், மறுபடி வந்தது. சாயங்காலம் தட்டில் ஐந்து புஷ், தண்டு உள்ளே சுற்றுகிற வளையங்கள், இருந்தன. ஐந்தும் கண்ணாடி மாதிரி இருந்தன.

“இருபத்திரண்டு வருஷமா மத்தவன் செஞ்ச சொத்தையப் பத்தியே திட்டிட்டு இருந்தீங்க. ஒரே ஒரு நாள் அவன மாதிரி செய்ய முடியாதா உங்களால?” என்றாள் மனைவி.

“கை வரலடி.”

“கைக்குச் சோறு யாரு போடறதாம்?”

மைத்துனன் அரத்தை எடுத்து மூன்று புஷ்ஷை நாலு இழுப்பு இழுத்துச் சரியாகக் கெடுத்து வைத்தான். அவனுக்கு அதில் நல்ல திறமை. மறுநாள் காலை அவர்கள் இரண்டு பேரும் அப்படி நகர்ந்த நேரத்தில் மைக்ரான் அந்த மூன்றையும் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று கடைந்து வைத்தார். வாசலைத் தாண்டி அப்படி ஒரு சாமான் வெளியே போக அவர் விட்டதே இல்லை.

ஆய்வாளர் ஐந்தையும் அளந்தார். முப்பதுக்குச் சைபர்.

“நாங்க எவ்வளவு பாடுபட்டாலும் நீங்க ஒத்துழைக்கலன்னா எப்படி மீட்கிறது சொல்லுங்க?” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

அன்று முழுக்க மனைவி மைக்ரானோடு பேசவில்லை. அவர் லேத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு வழி இருந்தது. தொண்ணூறு நாள் மெஷினை ஓட்டாமல் வைத்திருந்தால் இருபது மார்க், வாரியத்தின் நலிவுப் பயிற்சி முகாமுக்குப் போனால் இரண்டு மார்க். ஆக மொத்தம் அறுபத்து மூன்று. மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “மூணு மார்க் மிச்சமே இருக்கு” என்றாள். தம்பியைச் சிரிக்காமல் இருக்கச் சொல்லி எச்சரித்தாள்.

முகாமில் ஊரில் எஞ்சியிருந்த பதினேழு பட்டறைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வாரிய இயக்குநர் மேடையேறினார்.

“நம்ம வாரியம் ஆரம்பிச்சப்ப இந்த ஊர்ல நானூறு பட்டறை. அதிகாரிங்க மூணே பேர். மூணு பேர் நானூறு பட்டறைய எப்படிக் கவனிப்பாங்க? யாருக்கும் தனிக் கவனம் கிடைக்கல. இன்னிக்குப் பாருங்க. பதினேழு பட்டறை, நூத்து முப்பத்தாறு அதிகாரிங்க. பட்டறைக்கு எட்டு பேர். உங்க அளவுக்குக் கவனிக்கப்படற தொழிலாளி உலகத்துலயே கிடையாது.”

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கை தட்டினார்கள். வார்ப்புப் பட்டறைக்காரர் எழுந்தார். வயதானவர், கேள்வி கேட்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்.

“ஐயா, மிச்சம் முன்னூத்து எண்பத்து மூணு பட்டறை எங்க?”

“மீட்டாச்சு. இப்பெல்லாம் அவங்ககிட்டேர்ந்து ஒரு புகார்கூட வர்றதில்ல” என்றார் இயக்குநர். அதற்கும் கை தட்டினார்கள்.

இரண்டாம் நாள் நலிவாக உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். பார்வையிட வரும் மேலதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் மனம் புண்படுவார்களாம். தோளைத் தொங்கவிட்டு, தலையைச் சற்றே சாய்க்க வேண்டும். மைக்ரான் கை தூக்கினார்.

“எத்தனை டிகிரி சார்?”

பயிற்சியாளர் யோசித்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. “பதினஞ்சு” என்றார். மைக்ரான் சரியாகப் பதினைந்து டிகிரி சாய்ந்தார். முகாமிலேயே சிறந்த நலிவு என்று அவரைத்தான் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் காட்டினார்கள். அவருக்கு வெட்கமாகவும், சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முகாம் முடிந்த மறுநாள் ஆய்வாளர் வந்து லேத்தின் சக்கில், வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கிற அந்த வாயில், குறுக்காக ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டுப் போனார். அது கிழிந்தால் இருபது மார்க்கும் போய்விடும். மைக்ரான் தினம் காலையில் காகிதத்தில் படாமல் சுற்றிலும் எண்ணெய் போட்டார். காய்ச்சல்காரன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். பதினைந்து டிகிரி இப்போது பழகிப் போயிருந்தது.

இருபதாவது நாள் செங்கல் சூளைக்காரர் ஓடி வந்தார். சூளை மெஷின் நின்றுவிட்டது, நாற்பது புஷ் வேண்டும், வருஷம் முழுக்கத் தொடர்ந்து வேலை தருகிறேன் என்றார். மைக்ரான் காகிதப் பட்டையைக் காட்டினார்.

“என்னண்ணே இது?”

“மீட்கிறாங்க” என்றார் மைக்ரான்.

சூளைக்காரர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். அவர் வண்டி கிளம்பிய சத்தத்தைக் கேட்டபடி மைக்ரான் உட்கார்ந்திருந்தார். வேலை தேடி வந்தவனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. அழுகைக்கு மார்க் உண்டா என்று மனைவி கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

முப்பதாவது நாள் மைத்துனன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“மாமா, நான் வாரியத்துல சேர்ந்துட்டேன். காகிதம் ஒட்டறதுக்குப் பசை உதவியாளர்னு ஒரு வேலை. ஊர்ல ஆள் எடுக்கிற இடம் இப்ப அது ஒண்ணுதான்.”

“பசையாவது ஒழுங்கா காய்ச்சறாங்களா?” என்று மட்டும் கேட்டார் மைக்ரான்.

தொண்ணூறாவது நாள் ஆய்வாளர் வந்து காகிதம் கிழியாமல் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மைக்ரானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துகள். அறுபத்து மூணு. முழு நலிவு. பட்டை அப்படியே இருக்கட்டும். உத்தரவு கைக்கு வர்றவரைக்கும் ஓட்டக் கூடாது.” மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் அழுததில்லை.

உத்தரவில் முத்திரை விழ வேண்டியதுதான் பாக்கி. முத்திரை விழவில்லை. வாரியத்தின் முத்திரை சாதாரண மை முத்திரை அல்ல. இரும்பு அச்சில் தாளை வைத்துப் பிடியைச் சுற்றினால், வாரியச் சின்னம் தாளில் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்த அச்சு பிரஸ்ஸின் திருகுத் தண்டில் மரை தேய்ந்து, பிடி சும்மா சுற்றியது. ஓடுகிற பட்டறை ஒன்றில்தான் அதைப் பழுது பார்க்க வேண்டும் என்று விதி. ஊரில் ஓடுகிற பட்டறை ஒன்றுகூட இல்லை. பதினேழிலும் காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு மாதம் வாரியத்தில் ஒரு தாளும் நகரவில்லை. அதிகாரிகள் நூற்று முப்பத்தாறு பேரும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனார்கள்.

கடைசியில் ஆய்வாளர் பழைய திருகுத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மைக்ரானிடமே வந்தார்.

“யாருக்கும் தெரிய வேணாம். ஒண்ணு கடைஞ்சு குடுங்க. உங்க உத்தரவும் அந்தக் கட்டுலதான் இருக்கு.”

“பட்டை ஒட்டியிருக்கே சார்?”

“நான் ஒட்டினதுதானே?” என்று சொல்லி ஆய்வாளரே நகத்தால் சுரண்டிக் காகிதத்தைக் கிழித்தார். “தற்காலிகம்தான்.”

அவர் போனதும் மனைவி மைக்ரானை உள்ளே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“செஞ்சு குடுங்க. ஆனா சுமாரா செய்யுங்க. நம்ம தாள்ல முத்திரை விழற அளவுக்கு இருந்தாப் போதும். அதுக்கப்புறம் உடைஞ்சா அவங்க பாடு. ரொம்ப நல்லா செஞ்சு வெச்சு அவங்க கண்ணுல படாதீங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“சரி.”

“என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

சத்தியமும் பண்ணினார். பிறகு போய் அலமாரிக்கு அடியில் வருஷக்கணக்காக எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல எஃகுத் துண்டை எடுத்தார். அதைப் பார்த்தபோதே மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து லேத் சுற்றியது. இரும்புச் சுருள் அறுபடாமல் நீளமாகக் கழன்று விழுந்தது. மைக்ரானின் தோள் தானாக நிமிர்ந்தது. சதுர மரை வெட்டுவது எல்லாருக்கும் வருகிற வேலை அல்ல. ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி, அளந்து, எண்ணெய் விட்டு, மறுபடி வெட்டினார். அன்று பகல் முழுக்க அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார். கதையில் அவருக்குக் கிடைக்கிற நல்ல நாள் அது ஒன்றுதான்.

“சுமாராத்தானே செஞ்சீங்க?” என்றாள் மனைவி.

“சுமார்தான்” என்றார் மைக்ரான். அளவு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய்.

மறுநாள் வாரியத்தில் அவரே திருகைப் பொருத்தினார். இயக்குநர் வந்து சுண்டுவிரலால் பிடியைத் தொட்டார். பிடி வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு வெற்றுத் தாளில் சின்னம் எழும்பி நின்றது. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது கை இல்ல, வரம். இப்படி வேலை செய்யற ஒருத்தர நலிஞ்சவர்னு எழுதினா, அது அவருக்குச் செய்யற அவமானம். என் மனசாட்சி ஒத்துக்காது. இவர நலமான பட்டறைன்னு இன்னிக்கே எழுதுங்க.”

மைக்ரான் முன்னால் வந்தார். “ஐயா, எனக்கு அறுபத்து மூணு மார்க் இருக்கு.”

“காகிதம் கிழிஞ்சிருக்கே? இருபது போச்சு.”

“ஆய்வாளர் சார்தான் கிழிச்சாரு.”

ஆய்வாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“மத்த பதினாறு பேருக்காவது ஆர்டர் போயிடுமா ஐயா?” என்று கேட்டார் மைக்ரான்.

“ஆர்டரா?” இயக்குநருக்கு ஆச்சரியம். “அவங்க தொண்ணூறு நாளைக்கு மேல ஓட்டாம வெச்சிருக்காங்க. தொண்ணூறு நாள் ஓடாத இடம் பட்டறையே இல்லன்னு விதி. மூடல் உத்தரவு ரெண்டு மாசமா தயாரா இருக்கு. முத்திரை இல்லாமத் தவிச்சுப் போயிட்டோம். நல்ல நேரத்துல வந்து கைகுடுத்தீங்க.”

“அப்ப அந்த ரெண்டாயிரம் ஷாஃப்ட்?”

“தகுதியுள்ள பட்டறை ஒண்ணும் இல்ல. ரத்துதான்.” இயக்குநர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். “நீங்க கவலைப்படாதீங்க. நீங்க நலமா இருக்கீங்க.”

அன்று பிற்பகல் பிரஸ்ஸைச் சுற்ற ஆள் வேண்டியிருந்தது. பசை உதவியாளருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். சாயங்காலம் மைத்துனன் மைக்ரானின் தாளை அவனே வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“மாமா, பதினேழு தாள் போட்டேன். ஒண்ணுகூட மங்கல. பழைய திருகா இருந்தா நாலஞ்சுலயே சிக்கியிருக்கும். நாளைக்குப் பாக்கலாம்னு எழுந்து போயிருப்பாங்க. ஒரு விரல்ல சுத்தினேன் மாமா, மளமளன்னு முடிஞ்சுது.” பாராட்டாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகு அவனுக்கே ஏதோ உறைத்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டான். சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மைக்ரான் பழைய இரும்புக் கடைக்குப் போனார். வாசலிலிருந்து தெருவரைக்கும் மெஷின்கள் கிடந்தன. வார்ப்புப் பட்டறைக்காரர் தன்னுடைய உலை மூடிமேல் உட்கார்ந்திருந்தார். மைக்ரானைப் பார்த்தார். முத்திரைத் திருகு யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற மனிதர் இவரிடம் எதுவும் கேட்கவில்லை.

இரும்புக்காரர் கையைப் பிசைந்தார். “அண்ணே, விடிஞ்சதுலேர்ந்து பதினாறு பட்டறைச் சாமானும் வந்து இறங்கியாச்சு. கால் வைக்க இடமில்ல. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மைக்ரான் திரும்பி வந்தார். மனைவி டிரில்லிங் மெஷின் பக்கத்தில் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘இப்பட்டறை நலமாக உள்ளது, எனவே எவ்வித உதவிக்கும் உரியதன்று’ என்று அதில் இருந்தது. கீழே வாரியச் சின்னம் புடைத்துக்கொண்டு நின்றது.

“இரும்புக்காரர் என்ன சொன்னாரு?”

“இடமில்லன்னாரு.”

அவள் தாளை அவரிடம் நீட்டினாள். மைக்ரான் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் சின்னத்தைத் தடவிப் பார்த்தார். விளிம்பில் தடவினார், நடுவில் தடவினார். பிறகு கை போய் மைக்ரோமீட்டரை எடுத்தது. தாளை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அளந்தார். பதினாறு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்த மனிதர், பொறுமையாக அளந்தார். தன்னை நினைத்து அவருக்கு அருவருப்பாக இருந்தது. அளப்பதை நிறுத்த முடியவில்லை.

“என்னங்க பண்றீங்க?” என்றாள் மனைவி.

“நாலு பக்கமும் ஒரே ஆழம்” என்றார் மைக்ரான்.

அவள் எழுந்து வந்து மைக்ரோமீட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கி அதன் பெட்டியில் போட்டாள். ஊரே கேட்கிற மாதிரி மூடியை ஓங்கி அறையத்தான் நினைத்தாள். மூடி சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொண்டது. அதன் கீலும் அவர் செய்ததுதான்.